சைனா துணி ஒரு பக்கம், மாமன் சீர் அரை வரி

கேள்வி: அக்கா, திருப்பூர்ல ஒரு நிட்டிங் கம்பெனில 11 வருஷம் மெஷின் ஓட்டினேன். சம்பளம் 15,600. சைனா துணி கம்மி விலைக்கு வந்து இறங்கினதுல ஆர்டரே இல்லாம மூடிட்டாங்க. தங்கச்சி பொண்ணு சீர் அதே வாரத்துல வந்ததால, எல்லாரும் எழுதிக் கொடுத்த மாதிரி நானும் எழுதிக் கொடுத்துட்டு 50,000 வாங்கிட்டு வந்துட்டேன். இறக்குமதியால வேலை போனவங்களுக்கு கவர்மெண்ட் எதாவது தருமா? பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா, காலேஜ் வேண்டாம், பனியன் கம்பெனிக்கே அனுப்பிடலாமான்னு பாக்குறேன்.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, நீங்க அனுப்பின லெட்டர்ல சைனாவுக்கு ஒரு முழுப் பக்கம், இங்க சுருக்கித்தான் போட்டிருக்கோம். சீருக்கு அரை வரி. உங்க குடும்பம் கவுந்தது அந்த அரை வரியிலதான்.

மொதல்ல கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன். இறக்குமதியால வேலை போச்சுன்னு காரணம் பாத்து தொழிலாளிக்கு பணம் தர்ற திட்டம் நம்ம நாட்டுல கிடையாது. அமெரிக்காவுல 1962ல இருந்து அப்படி ஒண்ணு இருந்துச்சு, அவங்களும் 2022 ஜூலையில இருந்து புது மனு எடுக்கறதில்ல. இங்க 2024 மார்ச்ல சில செயற்கை இழை நிட்டிங் துணிக்கு கிலோவுக்கு மூன்றரை டாலருக்குக் கீழ இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு போட்டாங்களே, அது கம்பெனியைக் காப்பாத்தறதுக்கு, உங்க வீட்டு அரிசிப் பானைக்கு இல்ல. 1986ல மூடின மில்லு ஆளுங்களுக்குன்னு ஒரு நிவாரண நிதி வந்துச்சு, மொத வருஷம் சம்பளத்துல முக்கால், அப்புறம் பாதி, அப்புறம் கால்னு. 2017ல அதையும், தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில இருக்கற ஒரு திட்டத்தோட சேத்துட்டாங்க.

அந்த ஈ.எஸ்.ஐ. திட்டம்தான் உங்களுக்கானது. 2005ல இருந்து இருக்கு, பேரு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. சம்பளத்துல நூத்துக்கு முக்கால் ரூபா ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிச்சாங்கல்ல, அப்படி ரெண்டு வருஷமாவது கட்டியிருந்து, கம்பெனி மூடினதாலயோ ஆட்குறைப்பாலயோ வேலை போயிருந்தா, மொத வருஷம் பாதிச் சம்பளம், ரெண்டாவது வருஷம் கால் சம்பளம், அதுவரைக்கும் குடும்பத்துக்கே வைத்தியம். உங்க சம்பளத்துக்குக் கணக்குப் போட்டா மாசம் சுமார் 7,800 வீதம் ஒரு வருஷம், 3,900 வீதம் இன்னொரு வருஷம், மொத்தம் 1,40,000க்கு மேல வருது. ஆனா தானா வேலையை விட்டவனுக்கு இது கிடையாது. நீங்க எழுதிக் கொடுத்தது என்ன? "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்"னுதானே? படிச்சுப் பாத்தீங்களா, இல்ல சபையில தட்டு வரிசை குறைஞ்சிடுமேன்னு பேனாவை எடுத்துட்டீங்களா?

சரி, அந்த 50,000க்காவது வருவோம். 15,600ங்கறது பேசிக்கும் பஞ்சப்படியும்னா, கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை, அது மட்டும் வருஷத்துக்கு 9,000, 11 வருஷத்துக்கு 99,000. ராஜினாமா பண்ணினவனுக்கும் அது உண்டு, அஞ்சு வருஷம் முடிஞ்சா போதும், எந்தக் காகிதத்துல கையெழுத்து வாங்கினாலும் அதை இல்லைன்னு ஆக்க முடியாது. கம்பெனியை மூடினா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, அது தனி. உங்க கிராஜுவிட்டியிலயே பாதியை உங்க கையில குடுத்து உங்களையே கும்பிட வச்சு அனுப்பியிருக்காங்க, நீங்களும் நேரா நகைக்கடைக்குப் போயிருக்கீங்க.

தாய்மாமன் சீர் வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். மாமன் வந்து நிக்கணும், மாலை போடணும், புடவை எடுக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா வேலை போன வாரத்துல ஊர் மெச்ச சீர் வைக்கறது கடமை இல்ல தம்பி, வீம்பு. தங்கச்சிகிட்ட "கம்பெனி மூடிட்டாங்கடா, இப்ப இவ்வளவுதான் முடியும்"னு சொல்லியிருந்தா அவ வேண்டாம்னா சொல்லியிருப்பா? தங்கச்சி பொண்ணு முன்னாடி மாமனா நிமிர்ந்து நின்னுட்டு, சொந்தப் பொண்ணை பனியன் கம்பெனியில செக்கிங்ல நிக்க வைக்கலாமான்னு எங்கிட்ட கேக்கறீங்க. கேக்கறதுக்கே உங்களுக்கு வாய் கூசியிருக்கணும். அவ படிக்கட்டும். கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவளா இருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 வருமே, அதையாவது விசாரிச்சீங்களா?

இப்ப பண்ண வேண்டியதைக் கேளுங்க. "எல்லாரும் எழுதிக் கொடுத்த மாதிரி"ன்னு சொன்னீங்கல்ல, அதுதான் உங்க பிடி. ஒரே வாரத்துல அத்தனை பேருக்கும் சொந்தக் காரணம் வருமா? கம்பெனியை மூடிட்டு ராஜினாமான்னு எழுதி வாங்கியிருக்காங்க. கூட வேலை பாத்தவங்களைத் திரட்டுங்க, தனியாப் போகாதீங்க, தொழிலாளர் துறை ஆபீஸ்ல இதையே சொல்லி மனு குடுங்க, கிராஜுவிட்டிக்கு கம்பெனிக்கு தனியா விண்ணப்பம் போடுங்க. ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீசுக்கும் போய், மூடினதாலதான் வேலை போச்சுங்கறதுக்கு என்னென்ன காகிதம் கேப்பாங்கன்னு விசாரிங்க. சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் வீட்டம்மா எங்க வச்சிருக்காங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க, முடிஞ்சா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கறவங்க உங்க வீட்ல ஒருத்தராவது வேணும்ல.

எழுதிக் கொடுத்த லெட்டரோட நகல் கேளுங்க. தரமாட்டேன்னா அதையும் மனுவுல சேத்து எழுதுங்க.