கொடுவா மீன் அடிச்சதுல இருந்து என் லூர் (தூண்டில்ல கட்டுற செயற்கை மீன் இரை) இழுக்குறப்போ வலது பக்கமாகவே ஓடுது, என்ன செய்ய?

தூண்டில் நரம்பு கட்டுற மூக்கு வளையத்தை இடது பக்கமா இம்மியளவு வளைங்க. லூரோட மூக்கு உங்களைப் பார்த்து இருக்கணும். இடதுன்னா உங்க இடது. சின்னக் குறடு போதும்.

கொடுவா அடிச்ச பிறகுதான் இப்படி ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ வளையம் கோணியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கொக்கியைக் கழட்டுறப்போ வளையத்தைப் பிடிச்சு இழுத்தாலும் கோணிடும்.

வளைச்சதும் கரையோரத் தெளிஞ்ச தண்ணியில வேகமா இழுத்துப் பாருங்க. மெதுவா இழுத்தா கோளாறு சரியாத் தெரியாது. இன்னும் சாய்ஞ்சா இன்னொரு இம்மி, அவ்வளவுதான்.

வளையத்தை முறுக்கிடாதீங்க. ஆட்டம் கண்டா உள்ளே தண்ணி இறங்கலாம். முன்னாடி உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற பிளாஸ்டிக் தகடு (லிப்) விரிசல் விட்டிருந்தா, எவ்வளவு வளைச்சாலும் நேரா ஓடாது.