மூங்கில் குச்சி குத்தினாலும் ரண ஜன்னி வருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறேன். நான்கு நாட்களுக்கு முன்னால், சாணி உரம் போட்டிருந்த இடத்தில் ஒரு மூங்கில் குச்சி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, கூட வேலை பார்ப்பவர்கள் காப்பித்தூளை அப்பிக் கட்டிவிட்டார்கள். துருப்பிடித்த இரும்பு குத்தினால்தான் டி.டி. ஊசி வேண்டும், இதற்குத் தேவையில்லை என்கிறார்கள். கடைசியாக நான் அந்த ஊசி போட்டது இளைய மகன் வயிற்றில் இருந்தபோது. அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். இன்னொரு சந்தேகம். என் அக்காவுக்குக் கண் இமைகள் தானாக இறுக மூடிக்கொள்கின்றன. கோட்டயத்தில் காட்டியதில் போடாக்ஸ் ஊசி போடச் சொன்னார்கள். அதுவும் ரண ஜன்னிக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த விஷம் என்று தெரிந்ததும் அக்கா பயந்துபோய் வேண்டாம் என்கிறார். ஒன்று உடம்பை இறுக்குகிறது என்றால் இன்னொன்று எப்படித் தளர்த்தும்?

பதில்: முதலில் உங்கள் கால். அக்காவின் கண்ணுக்கு அப்புறம் வருவோம்.

இன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நான்கு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கேரள அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, கம்பம் அரசு மருத்துவமனையானாலும் சரி, போடுவது ஒரே தடுப்பூசிதான். இப்போது டெட்டனஸ் எனும் ரண ஜன்னியோடு, டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். காப்பித்தூளைச் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுத்துவிடுங்கள். உள்ளே சிம்பு ஏதாவது முறிந்து தங்கியிருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூங்கில் சிம்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதனால் குத்தினதை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ரண ஜன்னியை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் விதை போன்ற வித்துகளாக வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வெயிலுக்கும் அஞ்சாது, சாதாரணக் கொதிநீருக்கும் எளிதில் சாகாது. காற்றுப் படாத இடம் கிடைத்தால் முளைக்கும். ஆழமாகக் குத்திய குறுகலான காயம் அதற்குத் தோதான இடம். காயத்தின் வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே ஆக்சிஜன் போகாது. துருப்பிடித்த ஆணி ஆபத்தானது என்று பெயர் வாங்கியது அது மண்ணில் கிடப்பதாலும் ஆழமாகக் குத்துவதாலும்தான். சாணி உரம் போட்ட மண்ணில் கிடந்த மூங்கில் குச்சி அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. காப்பித்தூள், சாணி, சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதை ரொம்பப் பேர் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

நரம்பு தசையை நேராகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. நரம்பின் நுனியில் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் நிரம்பிய குட்டிக் குட்டிப் பைகள் காத்திருக்கும். மூளையிலிருந்து மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் உள்ளே பாயும். உடனே பையின் மேல் இருக்கும் ஒரு புரதமும் நரம்பு நுனிச் சவ்வில் இருக்கும் இரண்டு புரதங்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு இழுத்து ஒட்டவைக்கும். பை திறக்கும், ரசாயனம் கொட்டும், தசை சுருங்கும். கண்ணிமைப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடும். உடம்புக்குள் இப்படிப் பைகள் போய்ச் சேர்ந்து திறக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக 2013இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ரண ஜன்னி விஷமும், போடாக்ஸ் ஊசியில் இருக்கும் போட்டுலினம் விஷமும் வெட்டுவது இந்த முறுக்குப் புரதங்களைத்தான். 1992இல் இத்தாலியின் பதுவாவில் இருந்த ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். டெட்டனஸ் விஷமும், போட்டுலினத்தில் பி என்ற வகையும் சினாப்டோப்ரெவின் என்ற ஒரே புரதத்தை, அதுவும் ஒரே இடத்தில், வெட்டுகின்றன. ஆக, செய்கிற வேலை ஒன்றுதான். எங்கே போய்ச் செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

போட்டுலினம் நரம்பின் நுனியிலேயே தங்கிவிடும். அங்கே அசிடைல்கோலின் வெளியே வராது, தசைக்குக் கட்டளை போய்ச் சேராது, அது தளர்ந்து கிடக்கும். டெட்டனஸ் விஷம் அங்கே நிற்பதில்லை. அதே நுனி வழியாக உள்ளே நுழைந்து, நரம்புக்குள்ளேயே பின்னோக்கி ஏறி, தண்டுவடத்துக்குப் போய்விடும். அங்கே தசைக்கு உத்தரவு கொடுக்கும் நரம்பு செல்களைக் கட்டுப்படுத்தி அடக்கி வைக்க வேறு செல்கள் இருக்கின்றன. அவை கிளைசின், காபா என்ற ரசாயனங்களைச் சுரந்துதான் அடக்கும். விஷம் அவற்றின் பைகளைத் திறக்க விடாமல் செய்கிறது. கம்பமெட்டு இறக்கத்தில் பிரேக் அறுந்த ஜீப்பின் கதிதான் அதன் பிறகு தசைகளுக்கு. சின்னச் சத்தம், வெளிச்சம், யாராவது தொடுவது போதும், உடம்பு முழுக்க வில்லாக வளைத்து இழுக்கும்.

பெரும்பாலும் தாடைதான் முதலில் இறுகும், காயம் காலில் இருந்தாலும்கூட. விஷம் இரத்தத்தில் பரவி எல்லா நரம்பு நுனிகளிலும் நுழைகிறது. தாடைக்கும் முகத்துக்கும் போகும் நரம்புகள் குட்டையானவை, அதனால் அந்த வழியாகச் சீக்கிரம் உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது. வாய் திறக்கவில்லை என்று பல் டாக்டரிடம் போய், அங்கிருந்து எங்களிடம் அனுப்பப்பட்ட ஒரு பெரியவரைப் பயிற்சிக் காலத்தில் பார்த்தேன். அவர் இழுப்பு வரும்போதெல்லாம் முழு நினைவோடு இருந்தார். இந்த நோய் அறிவை மழுங்கடிப்பதில்லை, வலி அத்தனையும் தெரியும். அதனால்தான் ஒரு ஊசிக்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

காயம்பட்டு மூன்று நாள் முதல் மூன்று வாரம் வரை அறிகுறி தெரியலாம், சில சமயம் அதற்குப் பிறகும். வாய் திறக்கச் சிரமம், விழுங்கச் சிரமம், கழுத்தோ முதுகோ விறைப்பது, வயிறு பலகை போல் இறுகுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் வென்டிலேட்டர் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களுக்குப் பக்கம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எதிர்மருந்து, இரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்புக்குள் நுழைந்ததை எடுக்க மருந்தே கிடையாது. பாதிக்கப்பட்ட நரம்புகள் மெல்ல மெல்லச் சீராகும் வரை, வாரக்கணக்கில், மூச்சையும் தசையையும் காப்பாற்றிக் கொடுப்பதுதான் சிகிச்சை. ஒரு தடவை வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வராது. கிலோவுக்கு 2.5 நானோகிராமே உயிரைப் பறிக்கும் என்கிறார்கள். அவ்வளவு சொற்ப அளவில் உடம்பு எதையும் கற்றுக்கொள்வதில்லை. பிழைத்து வந்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். மண்பட்ட காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே இன்னொன்று தேவை. உங்களுக்குப் பல வருடம் தாண்டிவிட்டது. பிரசவ காலத்தில் போட்டதையெல்லாம் சேர்த்து மூன்றோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் இந்த ஒரு ஊசி போதும். அதற்குக் குறைவு, அல்லது நினைவில்லை என்றால், எதிர்ப்பொருளை நேரடியாகக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போட வேண்டும். தோட்ட வேலைக்குப் போகும் உங்கள் வீட்டு ஆண்களையும் கேளுங்கள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலாவது ஊசி கிடைத்துவிடுகிறது. ஐம்பது வயது தாண்டிய ஆண்களில் ஒரு ஊசிகூடப் போடாதவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு இப்போது ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒன்று. அப்புறம் பத்து வருடத்துக்கு ஒரு தடவை.

போட்டுலினத்தைப் பற்றி இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், குமுளியிலிருந்து மலைத்தேன் வாங்கி வரும் வீடுகளுக்காக. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது தேனைத் தொட்டு வைக்காதீர்கள். ஒரு வயது முடியும் வரை தேனே வேண்டாம். தேனில் போட்டுலினத்தைச் சுரக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பது அரிது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து விஷம் சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கும் வேகம் குறைவது, அழுகை சன்னமாவது, கழுத்து நிற்காமல் தொய்வது என்று மெல்ல வரும்.

இப்போது அக்கா. அவருக்குப் போடும் மருந்து பெரும்பாலும் போட்டுலினத்தின் ஏ வகையாக இருக்கும். அது வெட்டுவது ஸ்நாப்-25 என்ற இன்னொரு முறுக்குப் புரதத்தை. சுத்திகரித்து, அளந்து, இமையைச் சுற்றியுள்ள தசையில் மிகக் குறைந்த அளவில் போடுகிறார்கள். இமை இறுகும் நோய்க்கு அமெரிக்காவில் 1989லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம் உள்ள சிகிச்சை இது. உடம்பு முழுக்கப் பரவி ஆளைப் படுக்கவைக்கும் விஷமாக இதைப் பார்க்க வேண்டியதில்லை. சில நாளில் இறுக்கம் குறையத் தொடங்கும். நரம்பு நுனி தன்னைச் சரிசெய்துகொள்வதால் சுமார் மூன்று மாதத்தில் பலன் தீர்ந்து, திரும்பப் போட வேண்டிவரும். இமை கொஞ்சம் தொங்குவது, கண் உலர்வது, ஊசி போட்ட இடத்தில் கன்றிப்போவது சிலருக்கு வரும், போகும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வருவது மிக அரிது. வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானாக மூடும் இமையோடு மலைப்பாதையில் நடப்பதையும் அடுப்படியில் நிற்பதையும்விட இந்தச் சிகிச்சை எவ்வளவோ மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் இருந்தாலும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும், சமீபத்தில் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தாலும் அக்கா முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கோட்டயம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.