நின்றுபோன கோபுரமும் கையில் இருக்கும் உத்தரவும்

கேள்வி: நகரிலேயே உயரமானது என்று விளம்பரம் செய்த அறுபது மாடிக் கோபுரத்தில், 47-ஆம் மாடியில் வீடு வாங்கினேன். 2020 டிசம்பரில் ஒப்படைப்பதாக ஒப்பந்தம். இருபத்திரண்டு மாடியோடு வேலை நின்றுவிட்டது. வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர ரெரா (வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறை) ஆணையம் உத்தரவிட்டு எட்டு மாதமாகிறது. இப்போது அசலை மட்டும் நான்கு தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். பொய் சொன்ன இயக்குநரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவதாக இல்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: கடிதத்தில் இரண்டு பக்கம் விற்பனை அலுவலகத்து மாதிரிக் கோபுரத்துக்கே போயிருக்கிறது. உச்சியில் நீல பிளாஸ்டிக்கில் நீச்சல்குளம் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் இனி உதவாது. ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவில் உங்களுக்கு இருந்த உரிமையை வென்றுவிட்டீர்கள். இயக்குநர் மீது புகார் கொடுக்கலாம். அதனால் பணம் வராது.

நீங்கள் எழுதாமல் விட்டதுதான் முக்கியம்: நிறுவனத்தின் மீது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு இருக்கிறதா?

மனு ஏற்கப்பட்ட நாளிலேயே, நிறுவனத்திடம் யாரும் பணம் வசூலிக்க முடியாதபடி திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவுத் தடை விழும். உங்கள் பணத்தை வசூலித்துத் தரச் சொல்லி ஆணையம் அனுப்பும் வசூல் சான்று கலெக்டர் அலுவலகக் கோப்புக் கட்டுக்குள் அப்படியே கிடக்கும். நொய்டா இரட்டைக் கோபுர வழக்கில் 12 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றமே. அது 2021 ஆகஸ்டில். 2022 மார்ச்சில் அதைக் கட்டிய நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனது. வாங்கியவர்கள் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கே ஓட வேண்டியிருந்தது.

என்னிடம் வந்தவர்களில் சிலர் உத்தரவை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார்கள். செய்தித்தாளில் வந்த பொது அறிவிப்பைப் பார்க்கவில்லை. திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு அலுவலரிடம், தங்களுக்கு வர வேண்டிய தொகையைச் சொல்லும் கோரிக்கைப் படிவம் தரவில்லை. ஆணையமே உத்தரவிட்ட பிறகு படிவம் எதற்கு என்றார் ஒருவர். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் அதில் இடம்பெறாத கோரிக்கை அழிந்துபோகும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திவால் மனுவை நீங்களே போடலாம் என்றும் நினைக்காதீர்கள். அதே கட்டடத் திட்டத்தில் வீடு வாங்கிய நூறு பேரோ பத்து சதவீதத்தினரோ சேர வேண்டும், சேர்ந்தாலும் உங்கள் வசூலுக்கு நீங்களே பூட்டுப் போட்டதாகும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். அசலோடு கொஞ்சம் வட்டி கேளுங்கள். முழு வட்டிக்காக இழுக்காதீர்கள். பின்தேதியிட்ட காசோலைகளை வாங்கிக்கொண்டு ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்று மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. பெருந்தொகை முதலில் வங்கிக் கணக்கில் ஏறட்டும். ஒரு தவணை தவறினாலும் பழைய உத்தரவு முழுதாக உயிர்பெறும் என்ற வாசகத்தோடு சமரசத்தை ஆணையத்திலேயே பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்குள் திவால் வந்தால், நீங்கள் வாங்கிய பணத்தையே திரும்பக் கேட்டு திவால் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் தீர்வு அலுவலர் மனு போட இடமுண்டு. தெரிந்தே சொல்கிறேன்: பணத்தை வாங்கிக்கொண்டு அந்த வழக்கை நடத்துவது, பணமில்லாமல் வரிசையில் நிற்பதைவிட மேல்.

அவர்களுக்குப் பதில் எழுதும் முன் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். மனு ஏற்கப்பட்டிருந்தால் சமரசப் பேச்சை விட்டுவிட்டு, அன்றே கோரிக்கைப் படிவத்தை நிரப்புங்கள்.