கூட்டத்தைக் கண்டாலே அழும் நான்கு வயது மகளைப் பழனிக்கு மொட்டை போட எப்படி அழைத்துப் போவது?

மகள் கூட்டத்தில் அழுகிறாள், மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள், அடுத்த மாதம் குடும்பத்தோடு பழனிக்குப் போகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். "சொந்தக்காரங்க முன்னாடி தலைகுனிவா இருக்கு" என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நானும் அந்தத் தலைகுனிவுக்குப் பயந்துதான் என் பையனிடம் தவறாக நடந்துகொண்டேன்.

அவனுக்கு இப்போது ஏழு வயது. நான்கரை வயதில் நடந்தது இது. என் அக்கா மகனுக்குக் காது குத்து, உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில். மதுரையிலிருந்து இரண்டு வேன். நான் தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதனால் காலையிலிருந்து எனக்கு ஓட்டம்தான், பையனைக் கவனிக்கவில்லை. அவன் வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடாயோடு இருந்திருக்கிறான். அகத்திக் கீரையை ஒவ்வொரு கொத்தாக ஊட்டிவிட்டு, அதற்குக் கறுப்பன் என்று பெயரும் வைத்துவிட்டான்.

உறுமி அடிக்க ஆரம்பித்தார்கள். கிடாய் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றியதும் அது உடம்பைச் சிலிர்த்தது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். குளிரில் உதறுகிறது என்று நினைத்து இவனும் கைதட்டிச் சிரித்தான். அடுத்த நொடி நடந்ததை யாரும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.

அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மூச்சுப் பிடித்துக்கொண்டது. "ஆம்பளப் புள்ள இதுக்கெல்லாம் அழுவானா", "இப்பிடி எளகுன மனசா வளத்தா எப்பிடிப் பொழைப்பான்" என்று நாலு பக்கமும் பேச்சு. நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, வாயை மூடு என்றேன். அவன் கையில் இலை போன அகத்திக் காம்பு அப்போதும் இருந்தது.

என் அம்மாதான் வந்து தூக்கிக்கொண்டு போனார். தள்ளி ஒரு புளியமரத்தடியில் மடியில் போட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார். அழாதே என்றும் சொல்லவில்லை, சாமிக்குச் செய்யணும் என்று விளக்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவனே கேட்டானாம்: "நான் அதுக்குக் கீரை குடுத்தேன்ல அப்பத்தா?" "ஆமாய்யா, குடுத்த. வயிறு நெறையத் தின்னுச்சு." அவ்வளவுதான். அப்புறம் தூங்கிவிட்டான்.

அன்றைக்கு நான் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு பலநாள் யோசித்தேன். பையனுக்கு இல்லை, வேடிக்கை பார்த்தவர்களுக்கு. நம்மைப் போன்றவர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளை அழும்போது நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டுப் பிள்ளையிடம் திரும்ப வேண்டும்.

கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு பிள்ளை அழுவது வளர்ப்புக் கோளாறும் இல்லை. நியூயார்க்கில் 1956-ல் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, கைக்குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 15 சதவீதக் குழந்தைகள் புது இடம், புது ஆள் என்றால் ஒதுங்கி நின்று மெதுவாகத்தான் ஒட்டினார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய சத்தம், வாசனை, ஆடும் பொம்மை எல்லாம் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. நாலு மாதத்தில் எந்தச் செல்லம் கெடுத்திருக்க முடியும்? ஆனால் கூட்டம், சத்தம் தவிர வேறு விஷயமும் இருந்தால், அதாவது பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வீட்டில் இருக்கும்போதும் சின்னச் சத்தம் தாங்காதது என்றால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வளர்ச்சியில் தாமதம் இருக்கும் குழந்தைகளைப் பார்க்க மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று பெரிய அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்கே இலவசமாகவே பார்ப்பார்கள்.

சரி, பழனிக்கு வருகிறேன்.

தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை, சனி ஞாயிறு இவற்றைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளாகப் பாருங்கள். நேர்த்திக்கடனுக்கு நாள் முக்கியம் என்று பெரியவர்கள் சொன்னால், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். எல்லோரும் ஒரே வேனில் போனாலும் நீங்களோ உங்கள் கணவரோ தனி வண்டியில் போங்கள். வேனில் மாட்டிக்கொண்டால் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. குழந்தையின் அழுகையைவிட "இன்னும் மூணு மணி நேரம் இங்கதான்" என்கிற எண்ணம்தான் நம்மைப் பொறுமை இழக்க வைக்கிறது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே நடக்கப்போவதைக் கதையாகச் சொல்லுங்கள். தலையில் தண்ணீர் தெளிப்பார்கள், சில்லென்று இருக்கும். கத்தி தலையில் கரகரவென்று ஓடும், முடி வெட்டினால் வலிக்காது, ஆனால் ஆடினால் கீறும். முடி கழுத்தில் விழுந்து அரிக்கும். கடைசியில் சந்தனம் பூசுவார்கள், குளுகுளுவென்று இருக்கும். ஒன்றையும் மறைக்காதீர்கள். "ஒண்ணுமே இல்லடா கண்ணு" என்று அழைத்துப் போய் உட்கார வைத்தால், அடுத்த முறை அவள் உங்கள் வார்த்தையை நம்ப மாட்டாள். அப்பாவோ தாத்தாவோ முதலில் மொட்டை போட்டுக்கொண்டு அவளைத் தொட்டுப் பார்க்க விட்டால் பாதி பயம் போய்விடும். மெல்லிய பருத்தித் துண்டும் மாற்றுச் சட்டையும் கையிலேயே இருக்கட்டும். பெட்டியில் வேண்டாம். என் பையனுக்கு மொட்டை போட்டபோது கத்திக்கு அழவில்லை, முதுகில் ஒட்டிய முடிக்குத்தான் அழுதான்.

மலை ஏற அறுநூறு படிக்கு மேல். யானைப்பாதை சரிவாக இருக்கும், நின்று நின்று போகலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். ரோப் கார், வின்ச் இரண்டிலும் வரிசை நீளமாக இருந்தால் அந்த நெரிசலே அவளுக்கு அதிகமாகிவிடும்.

போன உடனே ஓர் ஒதுக்கிடம் பார்த்து வைத்து, அவளிடமும் காட்டுங்கள்: "தாங்க முடியலன்னா நாம ரெண்டு பேரும் இங்க வந்துடலாம்." அழ ஆரம்பித்தால் அங்கே தூக்கிப் போய் அவள் உயரத்துக்கு உட்கார்ந்துகொள்ளுங்கள். பேச்சைக் குறையுங்கள். அந்த நேரத்தில் புத்திமதி எதுவும் ஏறாது. அடிக்க வந்தால் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அழலாம், அடிக்கக்கூடாது. அடிவாரக் கடையில் பொம்மை கேட்டு அழுதாலும் அதே மாதிரி மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேண்டாம் என்று சொன்னது வேண்டாம்தான். பெரியப்பாவுக்கு முத்தம் கொடு என்று யாராவது இழுத்தால், "அப்புறம் அவளே வருவா பெரியப்பா" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்பவர்கள் சாயங்காலம் மறந்துவிடுவார்கள்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. தாங்க முடியவில்லை என்றால் அவன் என் சுண்டுவிரலை இரண்டு முறை அழுத்துவான். போன ஆவணியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் அழுத்தினான். இரண்டு பேரும் மண்டபத்தின் பின்னால் சமையல்கட்டு வாசலுக்குப் போய், அப்பளம் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொன்றும் எண்ணெயில் விரியும்போது எண்ணிக்கொண்டே இருந்தான். நாற்பதைத் தாண்டியதும் "போலாம்பா, மேளம் நின்னுருச்சு" என்றான். உள்ளே போய் அட்சதை போட்டோம்.