பித்தப்பையைச் சுவைத்த மன்னன்

கேள்வி: சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் கடை வைத்திருந்த கிட்டங்கியில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்த எங்கள் ஐயா, நொடித்துப்போன கடைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "விறகில் படுத்துப் பித்தத்தைச் சுவைக்க வேண்டும் என்பார்கள் சீனர்கள்" என்று சொல்வார். துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்பதுதான் இதன் பொருளா? இது எப்படித் தோன்றியது?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பொறுத்துக்கொள் என்பது இதன் பாதிப் பொருள்கூட ஆகாது. 'வோ ஷின் சாங் தான்' என்னும் இந்தத் தொடர், இன்றைய ஷாவ்ஷிங் பகுதியிலிருந்து யுவே நாட்டை ஆண்ட மன்னன் கோஜியானைப் பற்றியது. கி.மு. 494இல் அண்டை நாடான வூவின் மன்னன் ஃபூசாய் அவனைத் தோற்கடித்து, குவாய்ஜி மலையில் முற்றுகையிட்டுப் பணியவைத்தான். அதன்பின் அவன் வூ நாட்டில் ஏவலாளாக இருந்து மீண்டான் என்பது மரபு. தொடர் குறிப்பதோ அந்த ஏவல் வாழ்வை அன்று. நாடு திரும்பி அரியணை கைக்கு வந்த பிறகுதான் அவன் பித்தப்பை ஒன்றை இருக்கையருகே வைத்து, உண்ணும்போதெல்லாம் அதைச் சுவைத்து, "குவாய்ஜியில் பட்ட அவமானத்தை மறந்தாயோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான் என்றும், தானே உழுது, அரசி நெய்ய, இறைச்சியை ஒதுக்கி வாழ்ந்தான் என்றும் வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதுகிறார். கி.மு. 473இல் வூ நாடு அவனிடம் வீழ்ந்தது.

ஆக, பிறர் தந்த துன்பம் முடிந்த பின்னும், மறதி வந்துவிடாதபடி தானே தன்மேல் சுமத்திக்கொள்ளும் துன்பமே இங்குப் பேசப்படுகிறது. நொடித்த கடையை மீண்டும் நிறுத்தியவர், பணம் புரளத் தொடங்கிய பிறகும் பழைய சிக்கனத்தை விடாதிருப்பதற்கு இது மிகவும் பொருந்தும். உங்கள் ஐயாவும் அதை மனத்தில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும்.

சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டு, கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்தி வந்ததால் அதைப் பருகாமலே உயிர்விட்டதாகப் புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்பு சொல்லும் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கண்ணுக்குக் கோஜியான் மானம் கெட்டவனாகவே தெரிந்திருப்பான். சீன மரபு அவனைக் கொண்டாடுகிறது; பழிதீர்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்த நெஞ்சுரத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கும் மனம் வரவில்லை.

விறகுப் படுக்கை மட்டும் பிற்காலச் சேர்க்கை. சூமா சியெனிடம் பித்தப்பை உண்டு, விறகு இல்லை; இரண்டும் ஒரே தொடராக 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சு ஷியின் எழுத்தில் காணப்படுகின்றன. பின்வந்த வரலாற்றுச் சுருக்க நூலொன்று, யுவே நாட்டுடன் நடந்த போரில் தந்தையை இழந்த ஃபூசாய்தான் பழியை மறவாதிருக்க விறகில் படுத்தான் என்கிறது. அப்படிக் கொண்டால், தொடரின் முற்பாதி வென்றவனுக்கும் பிற்பாதி அவனிடம் தோற்றவனுக்கும் உரியதாகிறது.