பினாங்கில் சைவத்துக்கு மாறும் தம்பிக்கு

தம்பி, திருச்சியிலிருந்து மலேசியாவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, இரண்டு மாதமாக அசைவத்தைத் தொடவில்லை, ஆனால் மதியம் தாண்டினால் உடம்பு ஓய்ந்துபோகிறது, பினாங்கில் சைவமாகக் காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். சைவக்கடைக்கு இங்கே பஞ்சமே இல்லை. கோளாறு உங்கள் தட்டில்தான். காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், மதியம் வாழை இலைச் சோறு, ராத்திரி முட்டை போடாத மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ், நடுவில் இரண்டு தே தாரிக், அதாவது சீனி போட்ட பால் டீ. எல்லாம் சைவம்தான், எல்லாம் மாவும் சீனியும் எண்ணெயும். கறியை எடுத்தீர்கள், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.

அங்கே வைக்க நல்ல சரக்கு தெம்பே. ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். வேகவைத்த சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது. காலைச் சந்தையில் வாழையிலையிலோ பிளாஸ்டிக்கிலோ பொதிந்து விற்பார்கள். பிரித்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் அதன் பக்குவம். 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. அரை விரல் கனத்தில் சீவி, மீன் வறுவலுக்குப் போடுவீர்களே, அதே மசாலாவைப் பிசறிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். மிஞ்சியதைப் புளிக்குழம்பில் போட்டால் மறுநாள் இன்னும் ருசி. தௌஃபு என்கிற சோயாக்கட்டி, பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அப்புறம் அந்த தே தாரிக். சாப்பிட்ட கையோடு குடித்தால், காய்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு நாலு துண்டு கொய்யா நல்லது. பி12 செடிகொடியில் கிடைக்காது. பால், தயிர், முட்டை மூன்றும் வேண்டாம் என்றால் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோதான் வழி. எதற்கும் ஒருமுறை கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சோர்வுக்குக் காரணம் சாப்பாடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

வெளியே சாப்பிடும்போது 'சாயோர் சாஜா' (காய் மட்டும்) என்று மட்டும் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். காய்தான் வைப்பார்கள், அதற்குள் உலர்ந்த இறால் கிடக்கும். கங்கோங் கீரையில் பெலாச்சான் என்கிற புளித்த இறால் கட்டி, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பாலில் (மிளகாய்த் துவையல்) நெத்திலி, அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸில் குழம்பே மீன், ரோஜாக் என்கிற பழக் கலவையின் கறுப்புச் சாற்றில் இறால் விழுது. 'தா மாவ் ஈக்கான், தா மாவ் ஊடாங், தா மாவ் பெலாச்சான்' (மீன் வேண்டாம், இறால் வேண்டாம், பெலாச்சான் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

சீனர் சைவக்கடையில் இந்தத் தொல்லை இல்லை. பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இராது. அங்கே கிடைக்கிற சைவ மட்டனும் சைவக் கோழியும் பெரும்பாலும் கோதுமைப் புரதமும் சோயாவும். உப்பு தூக்கல், சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் அது கல்யாண வீட்டுச் சாப்பாடு, தினப்படிக்கு ஆகாது.

சீனர் நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், பெரும்பாலும் அக்டோபரில், ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா வரும். அந்த ஒன்பது நாளும் தெருவோரம் மஞ்சள் கொடி கட்டிய சைவக்கடைகள் முளைக்கும். லக்சா, சார் குவே தியாவ் என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ்கூடச் சைவத்தில் கிடைக்கும். ராத்திரி ஷிப்டு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், கூட்டம் நெரியும்.