கெரோனின் கடைசிப் படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மானிய நடிகர் குர்ட் கெரோன் பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தேன். தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமை இனிய நகரமாகக் காட்டும் நாஜிப் பிரச்சாரப் படத்தை இயக்கியவரை ‘மகத்தான கலைஞர்’ என்று எழுதியிருப்பது உறுத்தலாக இருக்கிறது.

கு.

அன்புள்ள கு.,

அந்தப் படத்தை இயக்கியவர் கெரோன்தான், ஐயமில்லை. ஆனால் நான் அவ்வாறு எழுதியது அவருடைய முந்தைய வாழ்க்கையை மனத்தில் கொண்டு.

பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து, முதல் உலகப்போரில் படுகாயமடைந்து, மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு, நையாண்டியும் பாட்டும் கலந்த கபரே மேடைகளுக்கு வந்தவர் கெரோன். 1928 ஆகஸ்ட் 31 அன்று நாடகாசிரியர் பிரெக்ட்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் படைத்த ‘மூன்று காசு இசைநாடகம்’ அரங்கேறியபோது, நம் கொலைச்சிந்துப் பாடல்களை ஒத்த, கொலைகாரன் மெக்கியைப் பற்றிய பாட்டைத் தெருப்பாடகனாக வந்து முதன்முதலில் பாடியவர் இவரே. லஞ்சம் வாங்கும் போலீஸ் அதிகாரி டைகர் பிரவுனாக வந்தவரும் இவரே. 1930-இல் பதிவான இசைத்தட்டில் அந்தப் பாட்டை அவர் குரலில் கேட்கலாம். ரகரத்தை உருட்டி, அலட்டிக்கொள்ளாமல், கொலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார்.

அதே ஆண்டு வந்த ‘நீல தேவதை’ திரைப்படத்தில் மாயவித்தைக்காரர் கீபெர்ட்டாக, பேராசிரியரின் மூக்கிலிருந்து முட்டை எடுப்பதாகக் காட்டி, அதை அவர் தலையிலேயே உடைப்பார். கூட்டத்துக்குச் சிரிப்பும், பக்கத்தில் நிற்கும் பேராசிரியருக்குச் சேவலாகக் ‘கூவு’ என்ற அடிக்குரல் மிரட்டலுமாக ஒரே வேளையில் இரண்டு முகம் காட்டுகிறார். எல்லோரும் பேராசிரியராக நடித்த யானிங்ஸையே புகழ்கிறார்கள். அந்தக் காட்சியைத் தாங்குபவர் கெரோன் என்பது என் எண்ணம்.

1933 ஏப்ரலில், யூதர் என்பதால், ஊஃபா என்ற ஜெர்மானியப் பட நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளத்திலிருந்து துரத்தப்பட்டார். பாரிஸ், வியன்னா, ஆம்ஸ்டர்டாம், பிறகு நெதர்லாந்தில் யூதர்களை அடைத்துவைத்த வெஸ்டர்போர்க் முகாம். 1940-இல் வந்த ‘நித்திய யூதன்’ என்ற வெறுப்புப் படத்தில் அவருடைய பழைய காட்சிகளையே யூதச் சீரழிவுக்குச் சான்றாக ஒட்டிய அதே ஆட்சிதான், 1944-இல் தெரேசியன்ஸ்டாட்டில் அவர் கையில் படப்பிடிப்பைக் கொடுத்தது. எஸ்.எஸ். என்ற நாஜிக் காவல்படையின் மேற்பார்வையில், பிராக் நகரச் செய்திப்படக் குழுவினருடன், ஆகஸ்ட், செப்டம்பரில் படம்பிடித்தார். படத்தொகுப்பில் அவருக்கு இடமில்லை. அக்டோபர் 28-ஆம் தேதி புறப்பட்ட கடைசி ரயிலில் மனைவியோடு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். படம் முடிந்ததே 1945 மார்ச்சில்தான்.

வேலையில் அவர் காட்டிய முனைப்பை முகாமில் இருந்தவர்களிலேயே சிலர் வெறுத்தார்கள். அவர்களுடைய கசப்பு நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரணத்தின் பிடியில் இருந்தவர் செய்த அந்த ஒரு வேலையைக் காட்டி அவருடைய மேடையையும் திரையையும் தள்ளுபடி செய்ய எனக்கு மனமில்லை. ஆகவே, நான் எழுதியது அப்படியே இருக்கட்டும்.